கூஸ்கோவில் குடித்த ரசம்

சட்டம் தெரிந்த மனிதனோடு குடும்பம் நடத்தலாம். சட்டம் தெரியும் என்பதை நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டே திரிகிற மனிதனோடு குடும்பம் நடத்தத் தனிப் பொறுமை வேண்டும். என் மனைவி வசந்திக்கு அந்தப் பொறுமை உண்டு. ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு என்பதை, கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் கழித்து, பெரு நாட்டு மலையொன்றின் உச்சியில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் மெல்பேர்ணில் ட்ராம் ஓட்டுகிறவன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். வந்த புதிதில் கோழி வெட்டும் தொழிற்சாலை, பிறகு பெட்டி அடுக்கும் கிடங்கு, பிறகு டாக்ஸி என்று அலைந்து, தலைமயிர் பாதி போன பிறகு, சீருடையும் சம்பளத்தோடு விடுமுறையும் உள்ள இந்த வேலையில் வந்து ஒதுங்கினேன். நகரத்தின் மேற்கு ஓரத்தில், டார்னெய்ட்டில் எங்கள் வீட்டுக் கடன் ஓடுவதும் இந்த வேலையை நம்பித்தான். இதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. எந்த நாளும், எந்த நேரமும், முன்னறிவிப்பில்லாமல் போதைப்பொருள் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். சின்னப் போத்தல் ஒன்றைக் கையில் தந்து கழிப்பறைக்கு அனுப்புவார்கள். அதில் ஏதாவது தென்பட்டால் வேலைக்கு ஆபத்து. (வாழ்க்கையில் ஒரு சிகரெட்கூடப் பிடித்தவனில்லை நான். ஆனாலும் அந்தப் போத்தலை வாங்கும்போது ஏதோ குற்றம் செய்தவன் மாதிரி நாலு பக்கமும் பார்ப்பேன். என்ன செய்ய, பிறவிக் குணம்.)

எங்கள் கல்யாணத்தின் வெள்ளிவிழா வந்தது. எங்கேயாவது போவோம் என்றேன். நான் மனதில் வைத்திருந்தது சிங்கப்பூர். வசந்தி, "பெருவுக்குப் போவம்" என்றாள்.

"பெருவோ? அங்க எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

வெளிநாடு என்றால் சொந்தக்காரர் வீட்டுச் சோபாவில் படுத்து, அவர்கள் காரில் ஏறி, அவர்கள் காட்டுவதைப் பார்த்துவிட்டு வருவது. அதுதான் எனக்குத் தெரிந்த சுற்றுலா.

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போவம் எண்டுறன்," என்றாள் வசந்தி.

அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இன்கா அரசர் காலத்துக் கட்டடங்களைப் பற்றி ஒரு வீடியோ பார்த்திருக்கிறாள். "எங்கட வீடு கட்டி அஞ்சு வருசம் ஆகேல்லை, ஹோல் சுவரில வெடிப்பு. அங்க சீமெந்தே இல்லாமல் கல்லுக்குமேல கல்லு வைச்சுக் கட்டியிருக்கிறாங்கள். எத்தினை பூமி நடுக்கம் வந்தும் அசையேல்லை. அதை நான் தொட்டுப் பாக்கவேணும்." இருபத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டது குறைவு. குளிர்சாதனப் பெட்டி ஒன்று கேட்டாள், அதுவும் பழையது பழுதான பிறகு. ஆகவே பெருவுக்கு டிக்கெட் போட்டேன்.

எங்களோடு வசந்தியின் அக்கா மலரும் அவர் கணவர் சிவா அண்ணையும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் சிட்னியில், நார்த்மீட்டில் இருக்கிறவர்கள். சிவா அண்ணை ஓய்வுபெற்ற கணக்காளர். சகலன் உறவு எப்படியானது என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குச் சிட்னியில் எல்லாம் பெரிது, எல்லாம் முந்தி. எனக்கு மெல்பேர்ணில் எல்லாம் ஒழுங்கு, எல்லாம் நேரத்துக்கு. இந்தச் சண்டை இரண்டு வீட்டுக் கல்யாண வீடு, செத்த வீடு எல்லாவற்றிலும் நடந்திருக்கிறது.

பயணத்துக்கு முன் நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். கூஸ்கோ என்ற அந்தப் பழைய நகரம் மூவாயிரத்து நானூறு மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே போகிறவர்களுக்குத் தலையிடி, வாந்தி, மூச்சுத் திணறல் வரும், அதற்கு அந்த ஊர்ச் சனம் கொக்கா இலையில் தேத்தண்ணி வைத்துக் கொடுக்கும் என்று படித்தேன். அந்த நாட்டில் அது எங்கள் வீட்டு மல்லித்தண்ணி மாதிரிச் சாதாரண விஷயம். ஆனால் கொக்கெய்ன் எடுக்கிறதும் அதே இலையிலிருந்துதான். ஒரு கோப்பை குடித்தாலும் பரிசோதனையில் காட்டிக்கொடுத்துவிடும் என்று வாசித்ததும் அந்தப் பக்கத்தை அச்சடித்து எடுத்து வைத்துக்கொண்டேன். சிட்னி விமான நிலையத்தில் மூவரையும் கதிரைகளில் உட்கார வைத்து ஒரு பிரசங்கம் செய்தேன்.

"இலையும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம், அதில செய்த மிட்டாயும் வேண்டாம். அந்தச் செடிக்குக் கிட்ட நிண்டு மூச்சும் விடாதேங்கோ."

"தம்பி, ட்ராம் ஓட்டுறது நீர்," என்றார் சிவா அண்ணை. "நான் ஏன் குடிக்காமல் இருக்கோணும்?"

"ஒரு ஒற்றுமைக்கு அண்ணை."

"அப்ப ஒற்றுமைக்கு நீரும் குடியும்."

வசந்தி கைப்பையைத் திறந்து மிளகும் சீரகமும் புளியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினாள்.

மலை ஏறுவதற்கு நான் இரண்டு மாதமாகப் பயிற்சியும் எடுத்திருந்தேன். தினமும் வேலை முடிந்து டார்னெய்ட்டில் நடை. டார்னெய்ட் தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊர். அங்கே ஏறக்கூடிய ஆகப் பெரிய உயரம், கடைத் தொகுதியின் மாடிக் கார் தரிப்பிடம். அதில் ஏறி இறங்கிவிட்டு அன்டீஸ் மலைக்குத் தயாராகிவிட்டேன் என்று நம்பினேன்.

கூஸ்கோவில் நாங்கள் தங்கிய விடுதி, நடுவில் முற்றம் வைத்த ஒரு பழைய வீடு. ரோசா என்ற பெண்மணி நடத்தினார். வாசலிலேயே ஒரு மேசை, அதில் சுடுதண்ணி, கிண்ணம் நிறையக் காய்ந்த பச்சை இலை. நாங்கள் பெட்டியைக் கீழே வைக்க முன்னமே ரோசா நாலு கோப்பையில் ஊற்றி நீட்டிவிட்டார். நான் இரண்டு கையையும் உயர்த்திப் பின்வாங்கினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஆகவே ஃபோனில் மொழிபெயர்த்து, "நான் பொதுப் போக்குவரத்துச் சாரதி" என்று காட்டினேன். ரோசா அதை வாசித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சிவா அண்ணை ஒன்றைக் குடித்து, என்னுடையதையும் எடுத்துக் குடித்தார்.

"நல்லாயிருக்கு. புல்லு அவிச்ச மணம்," என்றார்.

அன்று முழுக்க ஓய்வெடுக்கவேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது. அதை மற்ற மூன்று பேருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, நான் மட்டும் நகரத்தைப் பார்க்கப் புறப்பட்டேன். (பயிற்சி எடுத்தவன் அல்லவா!) பிரதான சதுக்கம், பெரிய தேவாலயம், அதற்குப் பின்னால் மேலே ஏறுகிற ஒடுங்கிய கல்படித் தெரு. படியில் பாதியில் என் கால் எனக்குச் சொந்தமில்லாமல் போனது. தலைக்குள் யாரோ அம்மி பொளிகிற சத்தம். பக்கத்தில் ஒரு கிழவி முதுகில் மூட்டையும் மூட்டைக்கு மேல் பேரப்பிள்ளையுமாக என்னைக் கடந்து ஏறிப் போனார். நான் படியில் குந்தி இருந்துவிட்டேன். பிறகு படுத்துவிட்டேன். வழியில் போன இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து விடுதியில் சேர்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பெருமையாகச் சொல்வதற்கில்லை. வாந்தி எடுத்தேன். ஒட்சிசன் முகமூடி மாட்டினார்கள், அதைக் கழற்றிவிட்டு மறுபடியும் வாந்தி எடுத்தேன். வந்த வைத்தியர் மாத்திரை தந்தார். நாளைக்கும் இப்படியே இருந்தால் லிமாவுக்குக் கீழே இறக்கிவிடவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். லிமாவுக்கு இறங்கினால் பயணம் அவ்வளவுதான். கல்லும் இல்லை, மலைமுகட்டில் இன்காக்கள் கட்டிய மச்சு பிச்சு நகரமும் இல்லை. வசந்தி கட்டில் விளிம்பில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, ரோசா ஒரு கோப்பை கொண்டுவந்து வைச்சிருக்கிறா. ஒரு வாய் குடியுங்கோவன்."

"வேலை... போயிடும்..." என்று முகமூடிக்குள்ளிருந்து சொன்னேன்.

"இப்ப மூச்சே போகப் பாக்குது."

"சட்டம்... சட்டம்தான்..."

வசந்தி எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கீழே முற்றத்தில் அவள் குரல் கேட்டது, கட்டிலடி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். "குசினி, குசினி" என்று கையைக் காட்டிக் கேட்கிறாள். ரோசாவும் "கொசினா, கொசினா" என்று சந்தோஷமாகக் கூவுகிறார். ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெரியாத இரண்டு பெண்களும் சமையலறைக்கு ஒரே பேரைச் சொல்லிக் கை கோத்துக்கொண்டு உள்ளே போனார்கள். பிறகு மிளகும் உள்ளியும் சீரகமும் இடிபடுகிற மணம் மாடிக்கு வந்தது. அந்த நிலையிலும் என் மூக்கு விழித்துக்கொண்டது.

கோப்பை நிறைய ரசம். அப்படி ஒரு ரசத்தை நான் அதற்கு முதலும் குடித்ததில்லை, பிறகும் குடித்ததில்லை. தொண்டையில் இறங்கும்போதே உயிர் திரும்பி வருகிற மாதிரி இருந்தது. மேலே இலைகள் மிதந்தன. எங்கள் வீட்டில் இது ஒரு நித்தியச் சண்டை. நான் கறிவேப்பிலையைப் பொறுக்கிக் கோப்பை ஓரத்தில் ஒதுக்குவேன். "சத்தெல்லாம் அதிலதான் இருக்கு, அதை எறியிறியள்" என்று அவள் திட்டுவாள். அன்றைக்கு, பாவம், இவ்வளவு தூரத்தில் வந்தும் எனக்காகச் சமைக்கிறாளே என்று உருகிப்போய், ஒரு இலை விடாமல் சப்பி விழுங்கினேன்.

"இந்தமுறை கறிவேப்பிலையும் நல்லாய்த்தான் இருக்கு," என்றேன்.

வசந்தி ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே ஏதோ பார்க்கிற மாதிரி நின்றாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு, குடியுங்கோ" என்று மட்டும் சொன்னாள். இன்னும் இரண்டு கோப்பை குடித்தேன்.

மாத்திரையோ, ஒட்சிசனோ, நித்திரையோ, எதுவென்று யாருக்குத் தெரியும், விடிய எழும்பியபோது தலை தெளிந்திருந்தது. எனக்கோ சந்தேகமே இல்லை. ரசம்தான்! சாப்பாட்டு மேசையில் சிவா அண்ணையைப் பிடித்துக்கொண்டேன். "பாத்தியளே அண்ணை? இலையும் தேவையில்லை, கிலையும் தேவையில்லை. எங்கட முன்னோர் விசரரே, புத்தியில்லாதவையே?" சிவா அண்ணை பாண் துண்டைக் கடித்தபடி வசந்தியைப் பார்த்தார். வசந்தி மலர் அக்காவைப் பார்த்தாள். மலர் அக்கா பாணைப் பார்த்தார். (அந்தப் பார்வையெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. மண்டையில் அன்றைக்குக் காற்றுப் போதாது.)

மிச்ச ரசத்தை ஃபிளாஸ்க்கில் ஊற்றித் தரச் சொல்லி எடுத்துக்கொண்டேன். ஒரு சுற்றுலாக் குழுவோடு, நகரத்துக்கு மேலே இருக்கிற சக்சைவாமான் கோட்டைக்குப் போனோம். வசந்தி தொட்டுப் பார்க்க ஆசைப்பட்ட கல்லெல்லாம் அங்கேதான். ஒவ்வொன்றும் ஆளைவிட உயரம், சில எங்கள் வீட்டு அறையளவு. ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்தபடி நிற்கின்றன. வசந்தி ஒரு பெரிய கல்லில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அடிக்கடி கண்டதில்லை. நான் பேசாமல் பக்கத்தில் நின்றிருக்கலாம்.

நான் எங்கே பேசாமல் நின்றேன்? எங்கள் குழுவில் அடிலெய்டிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மூச்சு வாங்கிக்கொண்டு புல்லில் இருந்தார்கள். போதாதா? அவர்களுக்குத் தமிழர் மருத்துவத்தைப் பற்றி ஆரம்பித்தேன். சனம் கூடியது. ஃபிளாஸ்க்கைத் திறந்து உயர்த்திப் பிடித்துச் சொன்னேன்: "நான் ட்ராம் சாரதி. கொக்கா என் உதட்டில் பட்டதில்லை. நேற்றுச் சாகக் கிடந்தவன். இதோ நிற்கிறேன். காரணம் என் மனைவி வைத்த இந்த ரசம்!"

எங்கள் வழிகாட்டி வில்பர் என்ற இளைஞர். அந்த மலையிலேயே பிறந்தவர். தனக்கும் கொஞ்சம் தரும்படி கேட்டார். பெருமையோடு ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார். புருவம் உயர்ந்தது. கோப்பைக்குள் விரலை விட்டு ஒரு இலையை எடுத்தார். அதை வாய்க்கு முன்னால் பிடித்து, தூரத்து மலையைப் பார்த்து மெதுவாக ஊதி, ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்கள் வழக்கம். கொக்கா இலை கையில் வந்தால் முதலில் மலைக்கு நன்றி சொல்லுவோம்."

"அது கறிவேப்பிலை," என்றேன்.

"இல்லை ஐயா," என்றார் வில்பர், மிக மரியாதையாக. "நல்ல இலை. உங்கள் மனைவிக்குத் தெரிந்த யாரோ பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மிளகோடு நான் குடித்ததில்லை."

அடிலெய்ட்காரர் என் கையிலிருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிவா அண்ணை புல்லில் குந்திவிட்டார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. நான் கல்லடிக்குப் போனேன்.

"வசந்தி, ரசத்தில போட்டது கறிவேப்பிலைதானே?"

"இதைப் பாருங்கோ. ஊசி நுழைய இடமில்லை," என்றாள் அவள், கல்லிடுக்கைத் தடவியபடி.

"நான் இலையைக் கேக்கிறன்."

"ரோசா தந்தவ. போட்டனான்."

"தெரிஞ்சே போட்டனீர்?"

"தெரியாமல் போட நான் என்ன பச்சைப் பிள்ளையே?"

"ஐயோ கடவுளே! சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா குடிச்சிருப்பியளே?"

நான் கத்தத் தொடங்கினேன். வேலை, வீட்டுக் கடன், சீருடை, மானம் எல்லாவற்றையும் சொல்லி, இன்காக்களின் மதிலுக்கு முன்னால் நின்று, உலகத்தின் பல நாட்டுச் சனம் பார்க்கக் கத்தினேன். அந்த உயரத்தில் நீளமாகக் கத்தவும் முடியாது. ரெண்டு வசனத்துக்கு ஒருக்கால் நின்று மூச்சு வாங்கி மறுபடி கத்தவேண்டும். வசந்தி கல்லிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கமுடியாமல் இருக்கிறது.

ஊர் திரும்பிய அடுத்த நாளே எனக்கு வேலை. அந்தச் சாமான் உடம்பில் எவ்வளவு நாள் தங்கும் என்று ஃபோனில் தேடினேன். ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரிப் போட்டிருந்தது. மூன்று கோப்பையை மிளகோடு குடித்து இலையையும் சப்பித் தின்றவனுக்கு எவ்வளவு நாள் என்று எங்கேயும் போடவில்லை. அப்போது சிவா அண்ணை, உதவி செய்கிற முகத்தோடு, "தம்பி, தண்ணியைக் குடியும். குடிக்கக் குடிக்க எல்லாம் கழுவிக்கொண்டு போயிடும்" என்றார். நான் நம்பினேன். (ஆபத்தில் மனிதன் சிட்னிக்காரனையும் நம்புவான்.)

அன்றிலிருந்து குடித்தேன். ரயிலில் குடித்தேன், மலையடிவாரத்து விடுதியில் குடித்தேன், விடியப்புறம் மச்சு பிச்சுவுக்கு ஏறுகிற பேருந்து வரிசையில் நின்றும் குடித்தேன். வசந்தி என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். மேலே போய், டிக்கெட்டைக் காட்டி, உள்ளே நுழைந்து, மலைமுகட்டில் முகில் விலகி அந்தப் பழைய நகரம் முழுசாகத் தெரிகிற இடத்துக்கு வந்தோம். சனம் "ஆ" என்று மூச்சை இழுத்தது. நானும் இழுத்தேன். என் காரணம் வேறு.

"வில்பர்," என்றேன் மெதுவாக. "கழிப்பறை எந்தப் பக்கம்?"

"வாசலுக்கு வெளியே ஐயா. உள்ளே கிடையாது. வெளியே போனால் இந்த டிக்கெட்டில் திரும்ப வரமுடியாது."

இந்த ஒரு விஷயத்தை மட்டும் என் ஆராய்ச்சியில் தவறவிட்டிருந்தேன்! மலர் அக்காவோ அந்த நேரம் பார்த்து, "ரெண்டுபேரும் கிட்ட நில்லுங்கோ, வெள்ளிவிழாப் படம்" என்று ஃபோனைத் தூக்கினார். அந்தப் படம் இப்போது எங்கள் ஹோலில், சுவர் வெடிப்பை மறைத்துக்கொண்டு தொங்குகிறது. அதில் நான் கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, கண்கள் கலங்க, வானத்தைப் பார்த்தபடி நிற்கிறேன். பார்க்கிறவர்கள், "பழைய நாகரிகத்தைக் கண்டு எவ்வளவு உருகிப்போய் நிக்கிறார்" என்பார்கள். நானும் ஓம் என்றுவிடுவேன்.

படம் எடுத்து முடிந்ததும் ஓடினேன். அங்கே பாதை ஒருவழி. வந்த வழியே திரும்பவிடமாட்டார்கள். ஆகவே சூரியக் கோயில், அரசன் வீடு, பலிபீடம், தண்ணீர் வழிகிற பதினாறு தொட்டி (அந்தச் சத்தம் இருக்கிறதே, அதை நான் மன்னிக்கமாட்டேன்), எல்லாவற்றையும் ஒரு ட்ராம் தரிப்பிடங்களில் நிற்காமல் போகிற வேகத்தில் பார்த்தேன். வெளியே வந்து, வேலையை முடித்து, வாசலில் ஒரு கல்லில் இருந்தேன். வசந்தியும் மற்றவர்களும் வர நெடுநேரம் ஆனது. அந்த நேரத்தில்தான் முதல்முறையாக எனக்கு உறைத்தது. அவள் இவ்வளவு தூரம் வந்தது இந்த இடத்தைப் பார்க்க, என்னோடு சேர்ந்து பார்க்க. நான் பார்த்தது என் வேலையை மட்டும்தான்.

அவள் வந்தாள். "நல்லா இருந்ததோ?" என்று கேட்டேன்.

"ஓம். நீங்களும் நிண்டிருக்கலாம்," என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அது இன்னும் சுட்டது.

மலையடிவார ஊருக்கு இறங்கியதும், இனித் தாங்காது என்று என் மேலதிகாரி டெரிக்கு ஃபோன் எடுத்தேன். அங்கே காலை. டெரி என்னை யோகன் என்று கூப்பிடமாட்டார், யோகி என்றுதான் கூப்பிடுவார். பிடிபட்டுச் சொல்வதைவிட முந்திக்கொண்டு சொல்வது மேல் என்று நினைத்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். ரசம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. பிறகு கறிவேப்பிலை என்றால் என்ன என்று சொல்லவேண்டியிருந்தது. டெரி குறுக்கிட்டார்.

"யோகி, அதை உனக்குக் கொடுத்தது யார்?"

"என் மனைவி."

"பக்கத்தில் இருக்கிறாரா? அவரிடம் கொடு."

வசந்தி ஃபோனை வாங்கினாள். அவள் டார்னெய்ட்டுக்குப் பக்கத்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். அங்கே காது கேளாத கிழவர்களோடு கதைத்துப் பழகிய நேரான, உரத்த ஆங்கிலம் அவளுடையது. வீதியில் போன எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"ஓம் டெரி, நான்தான் போட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் குடிக்கமாட்டார், அவ்வளவு நேர்மையானவர், அவ்வளவு விசரர். வேலை போனால் அவருக்கு நான் வேறு வேலை தேடிக்கொடுப்பேன் டெரி. அவர் போனால் நான் எங்கே போய்த் தேடுவது?"

அவள் குரல் கடைசியில் உடைந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்தக் கட்டில் விளிம்பில் இருந்தபோது இவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று. எனக்கும் கண்ணீர் வந்தது. உயரத்தின் மேல் பழி போடலாம் என்றால் அந்த ஊர் பள்ளத்தில் இருக்கிறது. சிவா அண்ணைகூடச் சிரிக்கவில்லை.

ஃபோன் என் கைக்குத் திரும்பியபோது டெரி சொன்னார்: "வந்து இறங்கியதும் ட்ராமில் ஏறாதே. முதலில் பரிசோதனை. சுத்தமாக வரும்வரை வீட்டில் இரு. நீயாக முன்வந்து சொன்னாய், அதை நான் எழுதி வைக்கிறேன். இன்னொன்று, மேட். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேள்."

கேட்டேன். அந்த வீதியிலேயே கேட்டேன். "சரி, விடுங்கோ. பசிக்குது," என்றாள் வசந்தி.

மெல்பேர்ண் விமான நிலையத்தில், உணவுப் பொருள் சோதிக்கிற பெண் அதிகாரி, "விதை, இலை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். ரோசாவின் இலையில் ஒன்றுகூட எடுத்து வரவில்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "இலை இருந்தது, உள்ளே," என்றேன். "பெட்டிக்குள்ளா?" "இல்லை, எனக்குள்." அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு வசந்தியைப் பார்த்தார். "அது என் பிரிவில்லை ஐயா. பழம் ஏதாவது?" என்றார். வசந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

முதல் பரிசோதனையே சுத்தமாக வந்தது. தண்ணியாலா, இல்லாவிட்டாலும் வந்திருக்குமா, தெரியாது. அந்த முடிவு வரும்வரை வீட்டில் இருந்த நாட்களில் நான் மூன்று கிலோ குறைந்தேன். டிப்போவில் இப்போது என்னை யோகி என்று யாரும் கூப்பிடுவதில்லை. "ரசம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதுவும் டெரி நாக்கை மடித்துச் சரியாக உச்சரிக்கப் பழகிவிட்டார். வசந்தி சொன்ன வசனம் அங்கே பழமொழி ஆகிவிட்டது. யாராவது சுகமில்லாமல் வேலைக்கு வந்தால், "வீட்டுக்குப் போ, உன்னை எங்கே போய்த் தேடுவது?" என்று துரத்திவிடுகிறார்கள்.

குடும்பத்தில் இந்தக் கதையை இப்போது நான் சொல்வதில்லை, எனக்கு அனுமதியும் இல்லை. சிவா அண்ணைதான் சொல்லுவார். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், பந்தியில் ரசம் வந்ததும் ஆரம்பிப்பார். நான் படியில் விழுந்ததை நடித்தே காட்டுவார். வசந்தி டெரியிடம் சொன்னது வரும்போது மட்டும் சனம் கொஞ்சம் அமைதியாகிவிடும். பெண்கள் வசந்தியைப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் தங்கள் புருஷன்மாரைப் பார்ப்பார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

போன மாதம் நார்த்மீட்டில் ஒரு விருந்து. கதை முடிந்ததும் சிவா அண்ணை உற்சாகத்தில் மலர் அக்காவின் பக்கம் திரும்பி, "எனக்கு அப்பிடி வந்திருந்தா நீரும் போட்டிருப்பீர்தானே?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

மலர் அக்கா கரண்டியை வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார்.

"முதல்ல உங்கட இன்சூரன்ஸ் எவ்வளவு எண்டு பாத்திருப்பன்," என்றார்.

எல்லோரும் சிரித்தோம், சிவா அண்ணையைத் தவிர.